புல்வெளியில் டயர் தடம்

மார்ச் 2, ஞாயிறு

இன்றும் தனியாகத்தான் போனேன். வீட்டுக்காரருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை; ஏதோ ஆஸ்பத்திரி லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் லிஃப்டுகளுக்கெல்லாம் உயிர் போகிறது.

காட்டு கேட்டில் வனக் காவலர் ரேடியோவைக் காதோடு ஒட்டி வைத்திருந்தார். "என்னக்கா, சார் வரலையா?" என்றார். லிஃப்ட் ரிப்பேர் என்றேன். "ஊரையெல்லாம் மேல ஏத்தி விடறவரு, அவரு மட்டும் மேல வரமாட்டேங்கறாரே" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு ஏறினேன்.

வாரம் முழுக்க லேபில் பல் செட் ராவுகிற மெஷின் காதுக்குள்ளேயே ஓடுகிறது. வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் ஓடும். புல்வெளியில் போய் உட்கார்ந்தால்தான் அது நிற்கும். மற்றவர்களுக்கு மாத்திரை, எனக்கு இந்த அரசாங்கக் காடு.

இன்றைக்கு நிற்கவில்லை. சுனைக்குக் கீழே, புல்வெளியின் ஈரமான பக்கத்தில், டயர் தடம். கணுக்கால் ஆழத்துக்கு இரண்டு பள்ளம். அதில் தேங்கிய தண்ணீரின் மேல் எண்ணெய் மினுமினுத்தது. அங்கே மண் பஞ்சு மாதிரி இருக்கும். நாங்களே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாகத்தான் நடப்போம்.

எப்படி வந்தார்கள்?

மார்ச் 3, திங்கள்

அவரிடம் சொன்னேன். பேப்பரைத் தாழ்த்தாமல், "மாடு கீடு போயிருக்கும்" என்றார். மாட்டுக்கு டயர் உண்டா என்றேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

மார்ச் 9, ஞாயிறு

வந்ததும் வராததுமாக நோட்டை எடுத்துவிட்டேன். எழுதிவிட்டால் சரியாகும்.

இன்று அவரும் வந்தார். ரொம்ப நாளுக்குப் பிறகு. இரண்டாவது வளைவு வரை பேசிக்கொண்டே வந்தோம். அங்கே அவருக்கு ஆபீஸிலிருந்து ஃபோன். "இரு, பேசிட்டு வரேன்" என்று பாறையில் உட்கார்ந்துவிட்டார். நான் காத்திருக்காமல் மேலே போனேன்.

புல்வெளியை எட்டும் முன்பே சத்தம் கேட்டது. முதலில் என் காதுக்குள் ஓடுகிற மெஷின் என்றே நினைத்தேன். பிறகு பார்த்தால் மூன்று வண்டிகள். உயரமான சக்கரம், மேலே கூரை இல்லை, கம்பிகள் மட்டும். ஒன்று சேற்றில் வட்டமடித்துக்கொண்டிருந்தது, வேண்டுமென்றே, சேறு எவ்வளவு உயரம் தெறிக்கிறது என்று பார்க்க. மற்றவர்கள் கைதட்டினார்கள். நான் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒருத்தர் எனக்குக் கையாட்டிவிட்டுப் போனார். டாட்டா காட்டுகிற மாதிரி!

கிளம்பியவர்கள் கேட் பக்கம் போகவில்லை. சுனைக்குப் பின்னால் பாறை இடுக்குப் பக்கமாகத் திரும்பினார்கள். புகையில் சரியாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பக்கம்தான்.

அவர்கள் போன பிறகு ஆள்காட்டிக் குருவி இரண்டும் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தின. தரையில் முட்டையிடுகிற பறவை. கூட்டை நான் போன மாதமே பார்த்து வைத்திருந்தேன். முட்டைகள் மண்ணோடு மண்ணாக அழுந்திக் கிடந்தன.

கீழே வந்து அவரிடம் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. என் தோளைப் பிடித்து, "விடு, வா, வீட்டுக்குப் போவோம்" என்றார். அந்தக் கை ஆறுதலாக இருந்தது.

மார்ச் 12, புதன்

லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வன அலுவலகம் போனேன். ரேஞ்சர் மரியாதையாகத்தான் பேசினார். வண்டிக்காரர்களை அவருக்குத் தெரிந்திருந்தது. டைல்ஸ் கடைக்காரர் ஒருத்தர் நடத்துகிற கிளப்பாம், பெயர் 'சேற்றுச் சிங்கங்கள்'. கேட்டதற்கு, "கேட் திறந்துதான் இருந்துச்சு, அனுமதி உண்டுன்னு நினைச்சோம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

பாறை இடுக்கு வழியாகப் போன மாதிரி இருந்தது என்றேன். "அந்தப் பக்கம் வழியே கிடையாதும்மா, எங்க மேப்லயே இல்ல" என்றார்.

இருக்கிறது. பழைய கல்குவாரியிலிருந்து வறண்ட ஓடையோடு ஏறினால், புதர் மூடின ஒரு இடுக்கு வரும். அதைத் தாண்டினால் நேரே சுனை. கல்யாணமான புதிதில் வழி தவறி நாங்கள் கண்டுபிடித்தது. யாரிடமும் சொன்னதில்லை. காவலரிடம்கூட. ஊருக்கே சொந்தமான காட்டில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு கொல்லைவாசல் என்று அவர் சொல்வார்.

எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதனால் நான் பார்த்ததுதான் தப்பாக இருக்கும். புகையில் கண் ஏமாற்றியிருக்கும். ரேஞ்சரிடம் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

காவலரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். கேட் சாவி அவரிடம்தான் இருக்கிறது, அவர்தான் கையூட்டு வாங்கிக்கொண்டு திறந்து விட்டார் என்று. அடுத்த மாதம் பொது விசாரணை. அதுவரை ரேடியோவும் கையுமாக வீட்டில்.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சீருடை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. சட்டை தொளதொளவென்று, யாருடையதோ மாதிரி இருந்தது. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அக்கா, நீங்க சொல்லுங்க. எத்தனை வருஷமா பாக்கறீங்க. நான் அப்படிப்பட்ட ஆளா?"

இல்லவே இல்லை என்றேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "சார், நீங்களும் ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்" என்று இவர் பக்கம் திரும்பினார்.

இவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். "கவலைப்படாதப்பா. உண்மை எப்படியும் வெளிய வந்துடும்" என்றார்.

காவலர் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

காவலருக்காக ஒரு மனு எழுதினேன். இவர்தான் படித்துப் பார்த்து ஒற்றுப்பிழை திருத்தினார். 'வாகனங்களைத் தடுக்க' என்பதில் ஒரு 'த்' விட்டிருந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

ராத்திரிச் சாப்பாடு. மழை வருகிற மாதிரி இருக்கிறது, ஈரம் பட்டால் அந்தப் பள்ளமெல்லாம் இன்னும் ஆழமாகும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், சர்வசாதாரணமாக:

"மழைன்னா அந்த இடுக்குல வண்டி ஏறாது. போன தடவையே வழுக்கிடுச்சு. நாங்க கயிறு கட்டித்தான்..."

நிறுத்திவிட்டார்.

நாங்க.

நாம் இல்லை. நாங்க. நான் இல்லாத நாங்க.

எனக்கு முதலில் அந்தச் சொல்தான் உறைத்தது. கயிறு, இடுக்கு எல்லாம் அப்புறம்தான். எத்தனை நாளாக என்று கேட்டேன். அக்டோபரிலிருந்து என்றார். நான் இறங்கிப் போன பிறகுதான் ஏறுவார்களாம்; போன மாதம் வரை சுனைப் பாறையோடு நின்றுகொண்டார்களாம், புல்லில் இறங்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் எல்லாம்? தலையைக் குனிந்துகொண்டார். வண்டியில் அவருக்கும் ஒரு பங்காம். கிளப்புக்கு அந்த வழியைக் காட்டியதே அவர்தானாம். ஒன்பதாம் தேதி என்னோடு வந்தது, அவர்கள் அன்று சீக்கிரமே வருவார்கள் என்று தெரிந்து, நான் பார்த்துவிடாமல் கீழேயே நிறுத்தப் பார்க்கத்தானாம். அந்த ஃபோன் ஆபீஸ் ஃபோன் இல்லை. அவர்களிடம் 'இன்னிக்கு வேண்டாம், போயிடுங்க' என்று சொல்லிப் பார்த்திருக்கிறார்.

பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். அது மட்டும் நினைவிருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

வேற எதையாவது காட்டியிருக்கக் கூடாதா? எங்க கல்யாண ஆல்பத்தக் காட்டியிருக்கலாம். என் நகைய எடுத்துக் குடுத்திருக்கலாம். வேற ஒருத்திகூடப் போயிருந்தாக்கூட ஊர்ல நாலு பேர்கிட்ட சொல்லி அழலாம். இத யார்கிட்டப் போய் சொல்ல? "என் புருஷன் என்னோட புல்வெளிய..." — சிரிப்பாங்க.

இன்று ஒரு பாட்டியம்மாவின் கீழ்ச்செட்டில் கடைவாய்ப் பல்லை அளவுக்கு மேல் ராவிவிட்டேன். முதலாளியம்மா புதிதாகச் செய்யச் சொன்னார்.

ஏப்ரல் 2, புதன்

ஏன் என்று கேட்டேன். இந்த முறை கத்தாமல்.

முட்டி, என்றார். இருபது வருஷமாக, லிஃப்ட் ஓடாத கட்டடங்களில் மொட்டைமாடி மெஷின் அறை வரை படி ஏறி ஏறி இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டதாம். லிஃப்ட் மெக்கானிக்குக்குத்தான் லிஃப்ட் கிடையாது, என்று சிரிக்கப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது வளைவுக்கு மேல என்னால ஏற முடியல. நீ பாட்டுக்கு முன்னாடி போய்க்கிட்டே இருப்ப. நான் ஃபோன் வந்த மாதிரி நின்னுடுவேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, நீ எனக்காகக் காட்டுக்குப் போறத நிறுத்திடுவ. இல்ல, நிறுத்தாம போவ. ரெண்டுல எது நடந்தாலும் என்னால தாங்க முடியாதுன்னு தோணுச்சு. டைல்ஸ்காரர் வீட்டு லிஃப்ட சரி பண்ணப் போனப்ப, வண்டியில கூட்டிட்டுப் போறேன்னார். சுனைய இன்னொரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

நல்ல பதில்தான். பொய்யும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் பொங்குகிறது. ஒரு தடவை பார்த்துவிட்டு வந்திருந்தால் நான்கூடக் கையைப் பிடித்து அழுதிருப்பேன். அக்டோபரிலிருந்து ஒவ்வொரு வாரமும் போனாரே. சேற்றில் வட்டமடித்தபோது கைதட்டினாரா என்று கேட்டேன். யோசித்தார். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் மெதுவாக. "கால் வலியே தெரியாம, வேகமா... ரொம்ப நாளைக்கப்புறம்."

அதற்கு என்ன சொல்வது?

காவலரைப் பற்றிக் கேட்டேன். குனிந்து முட்டியைப் பிடித்துவிட ஆரம்பித்தார். "முட்டி வலின்னு வண்டி ஏறினீங்க. சரி. வாய்க்கு என்ன வலி? அவர் உங்க கையப் பிடிச்சப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

விசாரணையில் சொல்லிவிடுவதாகச் சத்தியம் செய்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எங்கும் போகவில்லை. ஒட்டடை அடித்தேன்.

ஏப்ரல் 10, வியாழன்

டைல்ஸ்காரர் வந்தார். வில்லன் மாதிரி ஒருத்தரை எதிர்பார்த்திருந்தேன். வாசலில் செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, "வணக்கம்மா, உள்ள வரலாமா" என்று கேட்கிற ஆள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அந்தக் காடு பொதுச் சொத்துதானே? உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் பட்டா போட்டுக் குடுத்ததில்லையே. நடக்க முடிஞ்சவங்க மட்டும்தான் பாக்கணும்னா, முடியாதவங்க என்ன பாவம் செஞ்சாங்க? சாரையே பாருங்க."

"முடியாதவங்கள மெதுவா ஒரு பாதையில கூட்டிட்டுப் போங்க, நானே கேட்டுல நின்னு கும்பிடறேன். சேத்துல வட்டம் போட்டது யாரு பாக்கறதுக்கு?"

"பசங்க கொஞ்சம் ஆடிட்டாங்க. விளையாட்டுத்தானே."

"அங்க நான் போறதே சத்தம் இல்லாத ஒரு இடம் வேணும்னுதான். நான் உக்காந்திருந்தா உங்க வண்டிக்கு ஒண்ணும் ஆகாது. உங்க வண்டி வந்தா நான் அங்க உக்காரவே முடியாது. ரெண்டும் ஒண்ணா?"

கேட் திறந்திருந்தது என்று ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். பின்பக்கமாக ரகசியமாக வந்தால் அத்துமீறல், கேட் வழியாக வந்தால் அறியாமை — அபராதத்தோடு போய்விடும் என்று வக்கீல் சொன்னாராம். "காவலருக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நாலு நாள் சும்மா உக்காருவாரு. நாங்க கவனிச்சுக்கறோம்."

கவனிச்சுக்கறோம்! இவர் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது அந்த ஆள் இவர் தோளைத் தட்டினார். இவர் வாசல் வரை போய் வழியனுப்பினார்.

ஏப்ரல் 17, வியாழன்

விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வன அலுவலகக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். இடது பக்கம் கிளப்காரர்கள், எல்லோரும் சிங்கம் போட்ட ஒரே மாதிரி பனியன். வலது பக்கம் நடக்கிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், நான். கடைசி வரிசையில் காவலரும் அவர் மனைவியும். இவர் என்னோடுதான் வீட்டிலிருந்து கிளம்பினார். உள்ளே நுழைந்ததும் டைல்ஸ்காரர் பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினார். இவர் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். பனியன் போடவில்லை. அது ஒன்றுதான் மிச்சம்.

கேட் திறந்திருந்தது என்று கிளப்பில் ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். காவலர் எழுந்து, பூட்டித்தான் இருந்தது என்று மட்டும் சொன்னார். அவர் மனைவி அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ரேஞ்சர் பொதுவாகக் கேட்டார்: "கேட்டத் தவிர வேற வழி இருக்குன்னு யாராவது சொல்றீங்களா?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தன் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பார்க்கிறேன் என்று தெரியும். தெரிந்துதான் நிமிரவில்லை. ரேஞ்சர் இரண்டாவது முறை கேட்டார். 'இல்லை' என்று எழுதப் பேனாவை எடுத்தார்.

எழுந்துவிட்டேன்.

"இருக்கு. குவாரிப் பக்கம் ஓடையில ஏறினா ஒரு இடுக்கு வரும். அந்த வழியாத்தான் வந்தாங்க. இப்பவே வாங்க, காட்டறேன், டயர் தடம் அங்கயும் இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இருபது வருஷமா தெரியும். எனக்கும் இன்னொருத்தருக்கும் மட்டும்."

"அந்த இன்னொருத்தர் யாரு?"

கூடமே என் பக்கம் திரும்பியது. இவரும் இப்போதுதான் நிமிர்ந்தார். கண்ணில் கெஞ்சல் இருந்தது. வேண்டாம் என்று.

"அதோ உக்காந்திருக்காரே, என் வீட்டுக்காரர்" என்றேன்.

பனியன் வரிசையில் யாரோ, "இவங்களும் ஆள்காட்டிதான், அதான் அந்தக் குருவி மேல அவ்வளவு பாசம்" என்றான். சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து 'ஆமாம்' என்றும் சொல்லவில்லை. ரேஞ்சர் பெயரைச் சொல்லி நேராகக் கேட்ட பிறகுதான் சொன்னார். உட்கார்ந்தபடியே.

ஏப்ரல் 18, வெள்ளி

ஒரே வீடு. அவர் ஹாலில், நான் உள்ளே.

ஏப்ரல் 21, திங்கள்

நாத்தனார் ஃபோன் செய்தார். "வீட்டு விஷயத்த சபையில கொண்டு போய் வச்சுட்டியே. அவன் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?" என்றார்.

"அண்ணி, அவர் செஞ்சதத்தான் சொன்னேன். ஒண்ணும் சேத்துச் சொல்லல."

"புருஷனக் காட்டிக் குடுத்தவன்னுதான் பேசறாங்க."

காட்டிக் கொடுத்தது யார்? முதலில் யார் யாருக்கு எதைக் காட்டினார்கள் என்று யாருமே கேட்பதில்லை. ஃபோனை வைத்த பிறகு சுவரைப் பார்த்துக் கேட்டேன். அடுத்த அறையில் அவருக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மே 11, ஞாயிறு

காவலருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, காலையிலேயே கிளம்பிப் போனேன். சீருடையில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ரேடியோவை அணைத்தார். நான் கேட்டை நோக்கிப் போனபோது குறுக்கே வந்து நின்றார்.

"அக்கா... உள்ள விட முடியாதுக்கா."

நேற்றுதான் உத்தரவு வந்திருக்கிறது. குவாரி இடுக்கைக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். கிளப்புக்கு அபராதம், வண்டிகளுக்கு நிரந்தரத் தடை. புல்வெளி மறுபடி தேறும் வரை, ஐந்து வருஷத்துக்கு, யாருக்கும் அனுமதி இல்லை. நடக்கிறவர்களுக்கும்தான்.

"நானுமா?"

"எல்லாருந்தான்க்கா. உங்களால எனக்கு இந்தச் சட்டை திரும்பக் கிடைச்சுது. அதப் போட்டுக்கிட்டு உங்களையே தடுக்க வேண்டியிருக்கு பாருங்க." கேட்டைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "நீங்க கத்திச் சண்டை போட்டாலும் பரவால்ல. என்னால திறக்க முடியாது."

சண்டை போடவில்லை. திறக்க மாட்டார் என்று தெரிந்துதானே அவருக்காக எழுந்து நின்றேன். வெளியே கல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அவர் தன் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். மேலே எங்கேயோ ஆள்காட்டி கத்தியது. என்னைப் பார்த்துக் கத்தவில்லை. நான் அங்கே இல்லை.

மே 12, திங்கள்

வண்டியில் இருந்த பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சமையலறை வாசலில் நின்று சொன்னார். சரி என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஆற்றங்கரைப் பூங்காவில் நடந்து பார்த்தேன். சிமெண்ட் பாதை, ஒலிபெருக்கியில் பாட்டு. மூன்று சுற்று சுற்றிவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டில் அவர் டாக்டர் எழுதிக் கொடுத்த பயிற்சி செய்துகொண்டிருந்தார், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி. ஆபரேஷன் செப்டம்பரில் இருக்கலாமாம். வலிக்கிறதா என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது.

"வலிக்குது" என்றார். அடுத்த காலை நீட்டினார்.

ஜூன் 29, ஞாயிறு

வன அலுவலகத்திலிருந்து அழைத்திருந்தார்கள். டயர் பள்ளங்களில் மழைத்தண்ணீர் ஓடி அரிக்காமல் இருக்க, சுள்ளிக்கட்டும் காய்ந்த புல்லும் போட்டு மூட வேண்டும், ஒரு நாள் வேலை, ஆள் வேண்டும் என்று. வண்டி மேலே போகக் கூடாது, எல்லாம் தலைச்சுமைதான்.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அவர் எங்கள் பழைய காரை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார். "கேட் வரைக்கும் விட்டுட்டு வரேன்" என்றார். நேரமாகிவிட்டது, ஏறிக்கொண்டேன்.

நாள் முழுக்கச் சுள்ளி சுமந்தோம். நான், காவலர், அவர் மனைவி, பறவை பார்க்கிறவர்கள் சிலர். ஒவ்வொரு பள்ளமாக நிரப்பி, மேலே புல்லைப் பரப்பி, காலால் மெல்ல அமுக்கினோம். வட்டமடித்த இடம் இன்னும் வழுக்கையாகத்தான் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தபோது சட்டென்று கவனித்தேன், காதுக்குள் ஒன்றும் ஓடவில்லை.

இறங்கி வந்தபோது அவர் கேட்டிலேயே இருந்தார். விட்டுவிட்டுப் போகவே இல்லையாம். "காலைலேருந்து இங்கயேதான் உக்காந்திருக்காரு. டீ குடுத்தேன், வேண்டாம்னுட்டாரு" என்றான் காவலருக்குப் பதிலாக நின்ற ஆள். காவலர் அவரைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டினார், உள்ளே போய்விட்டார். இவர் அவரிடம் ஏதோ சொல்ல எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி பிடித்துக்கொண்டது. எழுவதற்குள் காவலர் போய்விட்டார்.

நான் நின்றேன். முன்பெல்லாம் என்றால் கை கொடுத்திருப்பேன். கொடுக்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்கும் போகவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அவராகவே மெல்ல எழுந்து வரும் வரை நின்றிருந்தேன்.

முன் இருக்கைக் கதவைத் திறந்து வைத்தார். நான் பின்கதவைத் திறந்து பின்னால் உட்கார்ந்தேன். அவர் முன்கதவைச் சாத்தினார்.

மெதுவாகத்தான் ஓட்டினார். பாதி வழியில் ஒரு சிக்னலில் கண்ணாடியைத் திருப்பினார், என் முகம் தெரிகிற மாதிரி. நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பார்க்கிறார் என்று தெரியும். கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று இருந்துவிட்டேன்.